கிழக்குச் சுவர்த் தேனீக்கள்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்காகத்தான். கன்டோன்மென்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில், மோட்டார் க்ளெய்ம் பிரிவில் இருக்கிறேன். லாரி இடித்து நசுங்கிய காரின் படத்தை அனுப்புவார்கள். நசுங்கியது அந்தக் கார்தானா, சொன்ன இடத்தில் சொன்ன தேதியில்தான் நசுங்கியதா என்று பார்ப்பது என் வேலை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பேன். நல்ல மழை என்று எழுதியிருந்தால் டயரில் சேறு இருக்கிறதா என்று பார்ப்பேன். பொருந்தாவிட்டால் ‘ஆதாரம் போதாது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆபீஸில் பழகிய புத்தி வீட்டுக்கு வந்ததும் செருப்போடு வாசலில் நின்றுவிடுமா என்ன. காந்தி மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால் கூடைக்கு அடியில் கைவிட்டு அழுகல் தேடுவேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் எனக்கு அன்று தூக்கம் கெடும். என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார், நேர் எதிர். எவன் எதைச் சொன்னாலும் நம்புவார். “உன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீதான் என்னை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணே” என்று இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினார். அவருடைய தொழிற்சங்க வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டது. உங்களைச் சுற்றியிருக்கும் பூச்சி, சிலந்தி, நத்தை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களைப் பதிவுசெய்யக் கற்றுக்கொள்ளுங்கள், ஆறு வாரம், சனிக்கிழமை மாலை, இணையத்தில், இலவசம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் முதலில் பார்ப்பதே பல்லைத்தான்.

“இது ஏமாத்து வேலை. முதல்ல பூச்சிம்பான், அப்புறம் ஓ.டி.பி. கேப்பான்” என்றேன்.

“பூச்சிக்கு எதுக்கு ஓ.டி.பி.? சேந்துதான் பாரேன். முதுகெலும்பில்லாததுங்க பத்தித்தானே, உங்க ஆபீஸ் ஆளுங்களப் புரிஞ்சுக்க உதவும்” என்றார்.

சேர்ந்தேன். கற்றுக்கொள்வதற்காக அல்ல. எந்த வாரம் பணம் கேட்கிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடிப்பதற்காக. செயலியை இறக்கியதும் அது கேமரா கேட்டது, என் இருப்பிடம் கேட்டது, மைக் கேட்டது. பூச்சி பேசுமா, மைக் எதற்கு என்று சத்தமாகவே கேட்டேன். சிள்வண்டு கத்துமே என்று உள்ளேயிருந்து கணவர் பதில் சொன்னார். அது எனக்குத் தோன்றவில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது.

முதல் வகுப்பில் என் கேமராவை மூடிவைத்து, பெயரைப் போடாமல் ‘பார்வையாளர்’ என்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாடம் நடத்தியது ஒரு இளம்பெண். தொண்டை கட்டிய குரல். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் முதல் ஆளாகக் கேட்டேன், கட்டணம் உண்டா என்று.

“இல்லைங்க.”

“அப்புறம்?”

“அப்புறமும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பாடத்தைத் தொடர்ந்தாள்.

அன்று அவள் சொன்ன ஒன்று என்னை உட்காரவைத்தது. “ஒரு புலி செத்தா பேப்பர்ல வரும். ஒரு ஊர்ல ஒரு வகைத் தேனீயே இல்லாமப் போனாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது. ஏன்னா அது இருந்துச்சுன்னே யாரும் எழுதி வைக்கலை. இருந்துச்சுன்னு எழுதினாத்தான், இல்லாமப் போச்சுன்னு சொல்லவே முடியும்.” இதில் ஓட்டை எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கு வாதத்தில் ஓட்டை கிடைக்காமல் போவது அபூர்வம்.

ஒரு பதிவுக்கு நான்கு விஷயம் வேண்டும் என்றாள். என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போது, பார்த்தது யார். கூடவே ஒரு படம். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். இடம் தப்பாக இருந்தால் அது பதிவே இல்லை, அதைவிட எழுதாமலே இருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. இது க்ளெய்ம் ஃபாரம். நசுங்கிய காருக்குப் பதில் பூச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளா நான். முதல் பதிவாகப் பாத்ரூம் ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஒரு குளவியைப் படமெடுத்து அனுப்பினேன். இடம் என்ற கட்டத்தில் ஸ்ரீரங்கம் என்று எழுதவில்லை. என் வீடு எங்கே இருக்கிறது என்று முகம் தெரியாதவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும். நாத்தனார் இருக்கிற காட்டூரை எழுதிவிட்டேன்.

பதிவுகளைச் சரிபார்ப்பவர் என்று ஒருவர் உண்டு. ஆணா பெண்ணா, மனிதரா இயந்திரமா, எதுவும் தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு சிலந்திப் படம்தான் இருக்கும். மறுநாளே சிலந்தியிடமிருந்து குறிப்பு வந்தது. “படத்துக்குள் பதிவாகியிருக்கும் இடம் ஸ்ரீரங்கம். நீங்கள் எழுதியிருப்பது காட்டூர். எது சரி?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இதே வேலையை எத்தனை பேருக்கு நான் செய்திருக்கிறேன். தஞ்சாவூர் ரோட்டில் இடித்ததாகச் சொன்னவனைப் படத்தின் பின்னணியில் தெரிந்த மலைக்கோட்டையைக் காட்டி மடக்கியவள் நான். என்னையே ஒரு சிலந்தி மடக்கிவிட்டது. ஸ்ரீரங்கம் என்று திருத்தினேன். ‘நன்றி. குளவியின் வகையைச் சொல்ல ஆதாரம் போதாது’ என்று பதில் வந்தது. என் சொந்த வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். அன்றைக்குத்தான் அந்தப் பயிற்சியின் மேல் எனக்கு மரியாதை வந்தது. இவர்களும் என்னைப்போலச் சந்தேகப் பிராணிகள்தான்.

மூன்றாவது வாரம், உங்கள் வீட்டிலேயே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனியுங்கள் என்றாள் அந்தப் பெண். எங்கள் வீடு வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால், கிழக்கு மேற்காகப் போகும் ஒரு சந்தில் இருக்கிறது. வீட்டுக்கு மேற்கே ஒரு மாவு மில். கிழக்கே மாமாவின் வீடு. ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார், சந்தில் எல்லாருக்கும் அவர் மாமா. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு பழைய சுவர் நிற்கிறது. செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டியது. பூச்சு உதிர்ந்து, செங்கல்களுக்கு நடுவே மண் தெரியும். அது யாருடைய சுவர் என்று நாங்கள் வீடு வாங்கியபோது நான் கேட்டேன். பொதுச் சுவர் என்றார் விற்றவர். பத்திரத்தில் தெளிவில்லை. அது அப்போதிலிருந்தே என் மனதில் ஒரு ஓரமாக உறுத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரில் விரல் நுழையாத சின்னச் சின்ன ஓட்டைகள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். விர்ரென்று ஒன்று வந்தது. காற்றில் அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டைக்குள் போனது. வயிற்றில் நீல நீலமாகப் பட்டைகள், மயில்கழுத்துப் புடவைக் கரை மாதிரி மின்னின. இத்தனை வருஷம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் துணி காயப்போட்டிருக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

நீலப்பட்டைத் தேனீ என்று வகுப்பில் சொன்னார்கள். தேனடை கட்டாது, கூட்டமாகத் துரத்திக் கொட்டாது. ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை, ஒவ்வொருத்தியும் தனிக்குடித்தனம். தன் ஓட்டையைத் தானே தோண்டி, பூந்தாதைக் கொண்டுவந்து உருட்டிவைத்து, அதன்மேல் முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு நாள் மண்ணை உடைத்துக்கொண்டு தானாக வெளியே வரும். இளகிய மண் சுவர் இருந்தால்தான் இதெல்லாம். சிமெண்டில் அவற்றால் தோண்ட முடியாது. ஊரெல்லாம் சிமெண்டாகிவிட்டால் அவை எங்கே போகும் என்று அந்தப் பெண் கேட்டாள். அந்தச் சனிக்கிழமை நான் கேமராவைத் திறந்து, என் பெயரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவற்றைப் பிடித்துப்போய்விட்டது. சொல்ல வெட்கமில்லை. ஆபீஸிலிருந்து வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டால், அவை அடங்குவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டுமே என்று தவித்தேன்.

ஆனால் சிலந்தி அசையவில்லை. நான் அனுப்பிய படங்களெல்லாம் ஓட்டைக்குள் பாதி நுழைந்த வால்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள் என்றது. எந்த ஓட்டை புதிது, எந்த ஓட்டை மூடியது என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றது. முகமும் உடம்பின் பக்கவாட்டும் தெரிகிற மாதிரி பூவில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு படம் வேண்டும் என்றது. நான் விடுவேனா. மரத்தாலான அடி ஸ்கேலைச் சுவரில் சாய்த்துவைத்துப் படமெடுத்தேன். ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் சாக்பீஸால் எண் போட்டேன். பூவுக்குத்தான் வழியில்லை. எங்கள் பக்கம் பூ இல்லை. மாமாவின் கொல்லையில், சுவரை ஒட்டி, துளசி காடாக மண்டிக் கிடக்கிறது. தேனீக்கள் அங்கேதான் போய்வந்தன. ஸ்டூல்மேல் ஏறி, சுவருக்கு மேலே கையை நீட்டி, செல்போனை அந்தப் பக்கம் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு க்ளிக் செய்தேன்.

மூன்றாவது க்ளிக்கில் அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது.

“ஏம்மா, அளவெல்லாம் எடுக்கறேள் போலிருக்கே.”

ஸ்டூலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். பூக்குடலையோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருமண் காயவில்லை.

“அளவு இல்ல மாமா. சுவத்துல பூச்சி இருக்கு. அதைப் படமெடுக்கறேன்.”

“பூச்சின்னா மருந்தடிக்கணும். நம்பர் எதுக்குப் போடறேள்? மாடியிலேர்ந்து பாத்தேன், ஸ்கேல் வெச்சு, நம்பர் போட்டு, தெனம் ஃபோட்டோ எடுக்கறேள். யார் கேக்கறா இதெல்லாம்?”

“ஆன்லைன்ல ஒரு கிளாஸ். அவங்களுக்கு அனுப்பணும்.”

“அனுப்பணுமோ” என்றார். அவ்வளவுதான். துளசியைப் பறிக்காமலே உள்ளே போய்விட்டார்.

அவர் அப்படிப் போனதற்குக் காரணம் சந்துக்கே தெரியும், எனக்கும் தெரியும். மாமாவின் வீடு ஒரு காலத்தில் இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அவருடைய அண்ணா நீட்டிய ஒரு தாளில், அண்ணாதானே என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை வைத்துத்தான் அண்ணா கோர்ட்டில் பாதி வீட்டை ஜெயித்தார். வழக்குக்கு முன்னால் முதலில் நடந்தது என்ன தெரியுமா. ஒரு ஆள் வந்து சுவர்களில் சாக்பீஸால் எண் போட்டு, டேப் வைத்து அளந்து, படமெடுத்துக்கொண்டு போனான். இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தும் நான் அதே சாக்பீஸை எடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

ஆனால் அப்போது எனக்கு இந்த ஞானம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் மாமா ஒரு கொத்தனாரோடு கொல்லையில் நின்று, டேப்பை நீட்டி அந்தச் சுவரை அளந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மனுஷன் சுவரை அமுக்கப் பார்க்கிறார். அந்தச் சுவரைத் தாங்கலாக வைத்து, மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டும் என்பது என் கணவரின் ரொம்ப நாள் ஆசை. ரிட்டயர் ஆனபின் அவருக்கென்று ஒரு அறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்பாராம். அதை நான் யோசித்த வேகத்தில் சுவரருகே போய் நின்றேன்.

“என்ன மாமா, வேலை ஆரம்பிக்கறீங்களா?”

“தேருக்குப் பொண்ணுங்கள்ளாம் வரா. சுவர் இந்த லட்சணத்துல இருக்கு. பெருமாள் தேர்ல எழுந்தருளறதுக்குள்ள ரெண்டு பக்கமும் சிமெண்டு பூசிடலாம்னு. செலவு என்னோடது. நீங்கோ ஒண்ணும் தர வேண்டாம்.”

இலவசம். மறுபடியும் இலவசம். இவ்வளவு வருஷம் உதிர்ந்து கிடந்த சுவருக்கு, என் பக்கத்துக்கும் சேர்த்து, இவர் ஏன் தன் செலவில் சிமெண்டு பூச வேண்டும். பூசியவனுக்குத்தான் சுவர் என்று நாளைக்குச் சொல்வதற்கு. எனக்கு அது பட்டப்பகலாகத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

“அதுக்குள்ள குஞ்சு இருக்கு மாமா. பூசினா எல்லாம் உள்ளேயே செத்துப்போயிரும்.”

கொத்தனார் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். “வர்ற சனிக்கிழமை வரேன் சாமி, அதுக்குள்ள பேசி வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வகுப்பில் கடைசியாகக் கேட்டேன். இந்த மாதிரி ஒரு சுவர், இந்த மாதிரி ஒரு பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் யாராவது ஒரு கடிதம் கொடுத்தால் நிறுத்த முடியுமா என்று. “கடிதம் தரலாம்ங்க” என்றாள் அந்தப் பெண். “ ஆனா இது அரிய வகை இல்லை, சட்டம் எதுவும் காப்பாத்தாது. பெரும்பாலான பூச்சிங்களுக்கு அதுதான் நிலைமை. பக்கத்துல இருக்கற மனுஷங்க மனசு வெச்சாத்தான் உண்டு. நீங்க அவர்கிட்ட உக்காந்து பேசினீங்களா?”

பேசவில்லை. சந்தேகப்பட்டேன், சண்டைக்குப் போனேன், பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம், வெயில் தணிந்ததும் மாமாவின் வீட்டுக்குப் போனேன். கொல்லைக்கு வாருங்கள், ஒன்று காட்டுகிறேன் என்றேன். சந்தேகத்தோடுதான் வந்தார். துளசிச் செடியில் காய்ந்துபோன ஒரு கதிர்க்காம்பைக் காட்டினேன். அதில் வரிசையாக ஐந்தாறு தேனீக்கள். ஆண் தேனீக்களுக்கு வீடு கிடையாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஒரு காம்பை வாயால் கவ்விக்கொண்டு, காலெல்லாம் விட்டுவிட்டு, அப்படியே தொங்கித் தூங்கும். தூங்கிக்கொண்டிருந்தன.

மாமா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“திருத்துழாயைக் கவ்விண்டு தூங்கறதே” என்றார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “இத்தனை நாளா பறிக்கறேன். கண்ணுல படலையே.”

“எனக்கும்தான் மாமா. இதுங்களோட பொண்டாட்டிங்கதான் சுவத்துல குடியிருக்கு.”

அவர் சிரித்தார். சரி, காரியம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“காமிச்சேள், பாத்தேன். நன்னாத்தான் இருக்கு. ஆனா பூச்சி இருக்குங்கறதுனால உங்களுக்குச் சுவர் மேல கண்ணில்லைன்னு ஆயிடுமா? ரெண்டும் இருக்கலாமோல்லியோ. என் அண்ணாவும் எங்கிட்ட பிரியமாத்தான் இருந்தார். பிரியமா இருந்துண்டேதான் எழுதி வாங்கிண்டார்.”

நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

“என்ன செஞ்சா நம்புவீங்க மாமா?”

“சுவர்ல எனக்குப் பாத்யதை இல்லை, இனிமே கேக்கவும் மாட்டேன்னு எழுதிக் குடுங்கோ. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கோ. சுவர் என்னோடதுன்னு ஆயிடுத்துன்னா நான் எதுக்குப் பூசறேன்? உங்க பூச்சி சௌக்யமா இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். எதையும் நம்புகிற மனிதர் அன்று மாடிப் படியைப் பார்த்தார்.

“ரூம் போயிடும்” என்றார்.

“போயிடும்.”

“அவரு எழுதி வாங்கிட்டு, அடுத்த வருஷம் பூசிட்டார்னா?”

இது நான் கேட்க வேண்டிய கேள்வி. அவர் வாயிலிருந்து வந்தது. எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்தச் சில வாரத்தில் பழகியிருந்தேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய், சுவர் எதிரே என் பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, “அந்த நாலாம் நம்பர் ஓட்டை மூடியிருக்கு. உள்ள குஞ்சு இருக்கும்ல?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். “போடலாம் வா” என்றார்.

சனிக்கிழமை காலையில் போனோம். மாமாவின் வாசலில் இரண்டு சிமெண்டு மூட்டை. கொத்தனார் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மாமா முத்து முத்தான எழுத்தில் எழுதிவைத்திருந்த தாளை நீட்டினார். கையெழுத்துப் போடப்போவது நான் என்பதால் நான் சொல்வது போலவே எழுதியிருந்தார். நான், இன்ன விலாசத்தில் குடியிருப்பவள், என் வீட்டின் மேற்குச் சுவரில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்றும், இனி எக்காலத்திலும் உரிமை கோர மாட்டேன் என்றும் மனப்பூர்வமாக எழுதிக்கொடுப்பது.

பழக்க தோஷம், இரண்டாம் முறை படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மேற்குச் சுவர். பிறந்ததிலிருந்து அந்தச் சுவரை அவர் மேற்கே பார்த்திருக்கிறார். அவருக்கு அது மேற்குச் சுவர். எனக்கோ அது கிழக்கு. என் வீட்டின் மேற்குச் சுவர் என்றால் மாவு மில்லை ஒட்டிய சுவர். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் கிழக்குச் சுவரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். மாமாவுக்குத் திருப்தி, கொத்தனார் போய்விடுவார், தேனீ பிழைக்கும், சுவரும் நம் கையைவிட்டுப் போகாது. மாடி அறையும் வரும்.

கணவரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். ஒரு இடத்தில் அவர் கண் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு தாளை என் முன்னால் வைத்துவிட்டு, தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். ஃபேனில் பார்க்க ஒன்றும் இல்லை.

பேனாவை எடுத்துவிட்டேன். மூடியையும் திறந்துவிட்டேன். மனுஷன் வேண்டுமென்றே தப்பாக எழுதி என்னைச் சோதிக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், என் புத்தி அப்படி. ஆனால் முகத்தைப் பார்த்தால் சோதிக்கிற முகமாக இல்லை. நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குக் காட்டூர் ஞாபகம் வந்தது. இடம் தப்பாக எழுதிய ஒரு குளவி. அதைவிட எழுதாமலே இருக்கலாம் என்று தொண்டை கட்டிய குரலில் சொன்ன பெண். அடச்சீ என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

“மாமா, இடம் தப்பா இருக்கு. உங்களுக்குத்தான் இது மேற்கு. எங்க வீட்டுக்கு இது கிழக்குச் சுவர். இப்படியே போட்டா இந்தத் தாள் உங்களுக்கு எதுக்கும் உதவாது.”

கணவர் ஃபேனைப் பார்ப்பதை நிறுத்தினார். மாமா தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்து, உதடு அசையப் படித்தார். சுவர் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பினார், என் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். கணக்குப் போட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என்னை அப்படிப் பார்த்தார், ஏதோ புதிதாகக் குடிவந்தவளைப் பார்ப்பது போல.

“அப்போ,” என்றார் மெதுவாக, “நெஜமாவே பூச்சிதானா.”

“பூச்சிதான் மாமா.”

அதற்காகத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கு என்பதை அடித்துக் கிழக்கு என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்திலும் என்னிடம் ஒரு சின்னக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கணவரும் போட்டார். தாளைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகினார். பிறகு வாசலுக்குப் போய், “சுவர் வேண்டாம்ப்பா. இந்தப் படியைப் பூசிட்டுப் போ” என்று கொத்தனாரிடம் சொன்னார். அவர் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

தேர் வந்து போனது. பயிற்சியும் முடிந்தது, கடைசி வரை ஒருவரும் பணம் கேட்கவில்லை. எதற்கும் இன்னும் சில மாதம் போகட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவர் பூசாமல்தான் இருக்கிறது. நான் தினமும் காலையில் எழுந்ததும் சிமெண்டு வாசனை வருகிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பக்கம் மாமா தினமும் துளசிக்கதிரில் எத்தனை தொங்குகின்றன என்று பார்க்கிறார். பூவில் உட்கார்ந்த தேனீயின் படத்தையும் என்னை உள்ளே கூப்பிட்டு அவரே எடுக்கவைத்தார். முகம், பக்கவாட்டு, நீலப்பட்டை, எல்லாம் தெளிவு.

அந்தப் படத்தையும் சுவரின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இடம் என்ற கட்டத்தில் இதுவரை ‘எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர்’ என்று எழுதிவந்தேன். இந்த முறை ‘பக்கத்து வீட்டுச் சுவர்’ என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, மறைப்பதற்கில்லை. வழக்கம்போல மறுநாளே சிலந்தி கேட்டது. “ஓட்டைகளும் எண்களும் அதே சுவராகத் தெரிகின்றன. இடம் மாறியிருக்கிறதே, எது சரி?”

இரண்டும் சரி, சுவர் அங்கேயே இருக்கிறது, நான்தான் அதை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதினேன்.

அதற்கு அது ஆதாரம் கேட்கவில்லை.